நோய் ஒன்று, மருந்து வேறு

எங்கள் வீட்டு அடுப்பு எரிவது ஒரு பழைய காரால். 2004ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார். பின் இருக்கையில் கைலி, துண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தந்தையார் ஊர் ஊராக விற்று வருகிறார். அந்த வருவாயில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறேன்.

சென்ற கோடையில் அந்தக் கார் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. இரண்டு நாளுக்கு ஒரு லிட்டர்! ஒரு நாள் நடுவழியில் கொதித்து நின்றது. பட்டறையில், "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று அதைக் கழற்றிப் போட்டார்கள். கொதிப்பு அடங்கியது. ஆனால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய வண்டி 12க்கு இறங்கிவிட்டது. தண்ணீரும் குறைந்துகொண்டே இருந்தது. வேறொரு பட்டறையில், "இன்ஜின் போச்சு, பிரிக்கணும், 35,000 ஆகும்" என்றார்கள். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் புறப்பட ஆயத்தமானது.

"ஏம்ப்பா, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் தந்தையார். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். ரேடியேட்டர் மூடியைத் தொட்டும் பார்த்ததில்லை! எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். "சோதித்துப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

சோதித்தோம். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் மூடியைத் திறந்தோம். சூட்டில் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர் ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும். இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம்: ரேடியேட்டரில் விடாத குமிழி இல்லை, புகைக்குழாயில் வெண்புகை இல்லை, ஆயில் பால்காப்பி நிறத்தில் திரியவில்லை. ஆகவே, ஹெட் கேஸ்கட் பழுது என்று ஐயுறக் காரணம் இல்லை. இரவில் வண்டிக்கடியில் அட்டை விரித்தோம். விடிந்ததும் அதில் ஈரம். நேர் மேலே வாட்டர் பம்ப். அதன் சீல் தேய்ந்து, சிறு துளை வழியே நீர் சொட்டியிருக்கிறது!

மைலேஜ் ஏன் குறைந்தது? ஏறத்தாழ 82 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, இன்ஜினை விரைவில் சூடேற்றுவது தெர்மோஸ்டாட். அது இல்லாததால் நெடுஞ்சாலையில் வெப்பமானியின் ஊசி பாதிகூட ஏறவில்லை. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எண்ணி, வண்டியின் கணினி பெட்ரோலை அதிகமாக ஊட்டியிருக்கிறது. முதல் நோய்க்குத் தந்த தவறான மருந்தே இரண்டாம் நோய்!

புதுப் பம்ப், புதுத் தெர்மோஸ்டாட், வெறும் குழாய்த் தண்ணீருக்குப் பதில் துருவைத் தடுக்கும் கூலன்ட்: செலவு 4,000 ரூபாயைத் தாண்டவில்லை. வண்டி மீண்டும் 16 கிலோமீட்டர் தருகிறது. தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

நண்பர்களே! பட்டறைத் தோழர்களைப் பழிக்க இதை எழுதவில்லை. பம்பை மாற்றித் தந்ததும் ஒரு பட்டறைக்காரரின் கைதான். அந்தத் திறமை எனக்கில்லை. ஆனால் ஆராயாத கை ஊகத்தில் வேலை செய்கிறது. கை படாத படிப்போ விடைத்தாளோடு முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் விலை கொடுப்பவர் ஏழைதான்.

நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பழைய இன்ஜினை வைக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் ஓர் அனுபவ மெக்கானிக்கை அழைத்து, அவரோடு நாம் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான், "உன் படிப்புல இதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கும் பெற்றோருக்கு நம்மால் பதில் சொல்ல முடியும்.

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்