செலவு தம்பிக்கு, பொறுப்பு யாருக்கு?

 

நம் பேட்டையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வெளியூரில் பணிபுரியும் மூத்த மகன் வங்கியொன்றில் கடன் அட்டை பெறுகிறார். உம்மாவின் மருந்துச் செலவுக்கென்று, ஊரிலுள்ள தம்பியின் பெயரில் அதே கணக்கில் கூடுதல் அட்டை ஒன்றும் வாங்கித் தருகிறார். நாளடைவில் தம்பி அதைக் கொண்டே கடைக்குச் சரக்கும் எடுக்கிறார். பணம் கட்டும் நாள் தவறுகிறது. வங்கி யாரைக் கேட்கும்?

மூத்தவரைத்தான். கூடுதல் அட்டையால் விளையும் கடன் முதன்மை அட்டைதாரரையே சாரும் என்பதை ரிசர்வ் வங்கி 2022இல் பிறப்பித்த நெறிமுறை தெளிவாக்கியுள்ளது. "நான் ஒரு காசும் செலவிடவில்லை" என்னும் வாதம் அங்கே செல்லாது. நாம் ஹராமென்று அஞ்சி விலகும் வட்டியும் அவர் தலையிலேயே ஏறும். அதற்கு 30 விழுக்காடு உச்சவரம்பு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது.

இருவர் கையொப்பமிட்டுக் கூட்டாகப் பெறும் கடனின் நிலை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவின்படி, இருவரில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டியவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டுப் பெறலாம்.

மச்சானுக்காக ஜாமீன் நின்றாலோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, கடனாளியின் பொறுப்பு முழுவதும் உங்களுக்கும் உண்டு. இது 128ஆம் பிரிவு. "முதலில் அவரிடம் வசூலியுங்கள்" என்று ஜாமீன்தாரர் தட்டிக்கழிக்க முடியாதென்று பீஹார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்ப்பளித்தது.

கடன்பட்டவர் மவுத்தாகிவிட்டால்? வாரிசுகள் தம் சொந்தப் பொருளிலிருந்து கட்ட வேண்டியதில்லை. மர்ஹூம் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பு. எனினும் கடன் தீர்ந்த பிறகே பாகப்பிரிவினை என்பது ஷரீஅத்தின் கட்டளை.

கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்தார்கள். பிறர் கடனை ஏற்பது எத்துணைப் பாரம் என்பதை இதனின்றும் உணரலாம்.

ஆகவே, கூடுதல் அட்டை கொடுக்குமுன் செலவின் வரம்பைப் பேசி, எழுதி வையுங்கள். மாதந்தோறும் கணக்கை இருவரும் சேர்ந்து பாருங்கள். வரம்பு மீறினால் அட்டையை ரத்துச் செய்யும்படி வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதன்றோ! உடன்பிறந்தாரிடம் எழுதி வாங்குவது அவநம்பிக்கையன்று. உறவைக் காக்கும் வழி.