காய்ச்சலுக்கு ஏது லீவு?

மும்பையில் மழை வந்தால் பின்னாலேயே ஃப்ளூவும் வந்துவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை செம்பூர், மாட்டுங்கா, தாராவி எங்கும் கிளினிக் பெஞ்சுகள் காலியாக இருப்பதில்லை. கிருமி எல்லோருக்கும் ஒன்றுதான். படுப்பதற்கான இடமும் நாளும்தான் வேறு. மாட்டுங்கா ஃப்ளாட்டில் நோயாளிக்கு ஓர் அறையை ஒதுக்கி, ரசம் சாதம் கொடுத்து, ஆபீசுக்கு ஐந்து நாள் லீவு சொல்லிவிடலாம். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். வெளியே வந்தால் பொதுக் கழிப்பறை வரிசை. தோல் பட்டறைக்காரரோ இட்லி விற்பவரோ ஒரு நாள் படுத்தால் அன்றைய வருமானம் போச்சு. அதனால்தான் 'ஒரு ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர்' என்ற கெஞ்சல். டாக்டர்களும் போட்டு விடுகிறார்கள். ஆன்டிபயாடிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது என்பது இருவரில் ஒருவருக்காவது தெரியும்.

பெரும்பாலோருக்கு ஓய்வும் பாரசிட்டமாலும் போதும். கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோயாளிகள் விஷயம் வேறு. இவர்களுக்கு ஓசல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் சயான் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நெரிசலும் வறுமையும் ஃப்ளூவை எமனாக்கும் என்பதை இந்த நகரம் முன்பே பார்த்திருக்கிறது. 1918 ஜூனில் பம்பாயில் ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் 768 பேர் மரணம். அந்தக் கொள்ளை நோயில் பம்பாயின் ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு சுமார் 8 பேர் இறந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதியினரில் 61 பேர்.

2020 ஏப்ரலில் தாராவிக்குள் கோவிட் நுழைந்தபோது, நோயாளி வரட்டும் என்று மாநகராட்சி காத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின, படுக்கையும் சோறும் கிடைத்தன. ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே பாராட்டியது.

ஃப்ளூவுக்கு அத்தனை ஆர்ப்பாட்டம் வேண்டாம். மழைக்கு முன், ஏப்ரல்-மே மாதங்களில், எளிதில் பாதிக்கப்படுவோருக்குத் தடுப்பூசி போட்டாலே பெரிய உதவி. ஆனால் தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியாரிடம் போட்டுக்கொள்ள ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். கூலிக்காரர் வீட்டில் அது பல நாள் அரிசி.

செப்டம்பரோடு மும்பையில் இருமல் அடங்கும். தீபாவளிக்குத் தமிழ்நாட்டுக்கு ரயிலேறுபவர்களுக்கு அதுவும் நிம்மதியில்லை. சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்குப் போவதே அக்டோபர், நவம்பரில்தான்.