டிக்கெட் ஜன்னல்ல வேட்டிக்கு ஒரு குரல், பேண்ட்டுக்கு ஒரு குரல்

முந்திரிக்கொட்டை வித்த காசு கொஞ்சம் கையில இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு லீவு. அம்மா, வீட்டுக்காரம்மா, என் பசங்க ரெண்டு பேர், தங்கச்சி பிள்ளைங்க ரெண்டு பேர்னு மொத்தம் ஏழு பேர் செந்துறையில பஸ் ஏறிப் போனோம். எந்த இடம்னு சொல்ல மாட்டேன். சொன்னா அந்த ஒரு இடத்து மேல மட்டும் கோபப்பட்டுட்டு மத்த இடங்களை விட்டுடுவீங்க.

முக்கால் மணி நேரம் வெயில்ல வரிசை. டிக்கெட் ஜன்னல் இடுப்பு உயரத்துல இருந்துச்சு. குனிஞ்சாதான் உள்ள இருக்கிறவர் முகம் தெரியும். "சின்னப் பிள்ளைக்கு எவ்வளவுங்க?"ன்னு கேட்டேன்.

"போர்டுல எழுதியிருக்குல்ல, படிக்கத் தெரியாதா?"

போர்டு இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் எப்படியோ படிச்சுடுவேன், எங்க அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். 500 ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"சில்லறை இல்லாம ஏன்யா வர்ற? ஜிபே இருந்தா பண்ணு, இல்லன்னா தள்ளி நில்லு."

போன்ல சிக்னல் இல்ல. தள்ளி நின்னோம். அடுத்து கார்ல வந்த ஒருத்தர் ஜன்னல்கிட்ட போனார். "எத்தனை பேர் சார்?"னு உள்ளேருந்து குரல். அவரும் 500 ரூபாய் நோட்டுத்தான் குடுத்தார். மீதி சில்லறையா வந்துச்சு.

இதைத்தான் நான் விட மாட்டேன். வேலைப்பளு, வெயில், கூட்டம், எரிச்சல் எல்லாம் எனக்கும் புரியும். களை எடுக்க ஆள் வராத அன்னிக்கு நானும் வீட்டுல எரிஞ்சுதான் விழுவேன். ஆனா எரிச்சல்னா எல்லார் மேலயும் வரணும். ஆள் பார்த்து வந்தா அதுக்குப் பேர் எரிச்சல் இல்லைங்க.

வேட்டிக்குச் சட்டமே இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. 2014 ஜூலையில சென்னையில கிரிக்கெட் சங்கத்து கிளப்புல நடந்த புத்தக விழாவுக்கு, உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டியில போனார். உள்ள விடல. அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துடுச்சு. வேட்டி கட்டினவரைத் தடுத்தா ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்போட உரிமமும் போகலாம். நல்ல சட்டம்தான். ஆனா அது கதவைத் திறக்கச் சொல்லுது, ஜன்னல்ல உட்கார்ந்திருக்கிறவர் 'வாங்க'ன்னு சொல்றதுக்கு அதுல வழி இல்ல.

2023 மார்ச்சுல சென்னை ரோகிணி தியேட்டர்ல, கையில டிக்கெட் வச்சிருந்த நரிக்குறவர் குடும்பத்தை 'பத்து தல' படத்துக்கு உள்ள விடாம நிறுத்தினாங்க. வீடியோ பரவின பிறகு, பிள்ளைங்க வயசுதான் காரணம்னு தியேட்டர் விளக்கம் சொல்லுச்சு. 2024 ஜூலையில பெங்களூர்ல ஒரு விவசாயி மகனோட படம் பார்க்கப் போனார். வேட்டி கட்டியிருந்ததால மால் வாசல்லயே நிறுத்திட்டாங்க. அந்த மாலையே ஏழு நாள் மூட வச்சாங்க. ரெண்டு இடத்துலயும் யாரோ ஒருத்தர் போன்ல வீடியோ எடுத்திருந்தாங்க. எங்க ஜன்னல்ல யாரும் எடுக்கல.

விலையும் அப்படித்தான். மாமல்லபுரத்துல தொல்லியல் துறை டிக்கெட் நேர்ல வாங்கினா 40 ரூபாய், ஆன்லைன்ல 35. அஞ்சு ரூபாய் பெருசில்ல. ஆனா பட்டன் போன் வச்சிருக்கிற கிழவி, ஐ.டி. கம்பெனிக்காரரை விட அஞ்சு ரூபாய் கூடுதலா குடுக்கணும்னு ஒரு ஏற்பாட்டை யோசிச்சவர் எப்பவாவது வரிசையில நின்னிருப்பாரா?

நீங்க எங்க ஊருக்கு வர்றீங்க. 2009ல பெரியார் பல்கலைக்கழகத்துக்காரங்க செந்துறை பக்கத்து ஓடையில டைனோசர் முட்டைப் படிவம் கிடைச்சதா அறிவிச்ச பிறகு கார் வரத்து கூடிடுச்சு. நத்தை மாதிரி சுருண்டு கிடக்குற கல்லைத் தேடி முந்திரிக் காட்டுக்குள்ள இறங்குறீங்க. நாங்க வழி காட்டுறோம், தண்ணி குடுக்குறோம், கடலை பிடுங்குற நேரமா இருந்தா ரெண்டு கை கடலையும் குடுத்து அனுப்புறோம். உங்க பேண்ட்டைப் பார்த்து யாரும் குரலை மாத்தினதில்ல. சரி, கொஞ்சம் மாத்துவோம். மரியாதை கூடத்தான் ஆகும்.

அந்த ஜன்னல்காரரை வேலையை விட்டு எடுங்கன்னு நான் கேட்கல. அவரும் கான்ட்ராக்ட் ஆளாத்தான் இருப்பார், ஏதாவது ஒரு கிராமத்துலேருந்து வந்தவராத்தான் இருப்பார். அவங்க அப்பாவும் வேட்டிதான் கட்டுவார். கேக்குறது அவரை அங்க உட்கார வச்ச அதிகாரியை. காலையில கல்லாவுல சில்லறை வச்சு அனுப்புனீங்களா? விலைப்பட்டியலைத் தமிழ்ல பெருசா எழுதி, வரிசை ஆரம்பிக்கிற இடத்துல மாட்ட என்ன செலவு? வயசானவங்க நிக்கிற இடத்துல ஒரு கீத்துக் கொட்டகை போட டெண்டரா விடணும்? ஜன்னலை நிமிர்ந்து நின்னு பேசுற உயரத்துல வச்சா என்ன கெட்டுப் போகும்?

கடைசியில பக்கத்து இளநீர்க் கடையில சில்லறை மாத்தி டிக்கெட் வாங்கினோம். உள்ள போய் என்ன பார்த்தேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. பிள்ளைங்க சந்தோஷமா இருந்தாங்க, அது போதும். திரும்பி வரும்போது பஸ்ல அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு: "அவன் நம்மகிட்ட காசு வாங்கினானா, நமக்குப் பிச்சை போட்டானா?"

இந்த வருஷமும் லீவு விட்டாச்சு. எங்க போகலாம்னு பிள்ளைங்க கேட்டதும் அம்மா முந்திக்கிட்டு சொல்லிடுச்சு: "ஜெயங்கொண்டம் வழியா கங்கைகொண்ட சோழபுரம் போவோம். அங்க டிக்கெட் கிடையாது."