ஒன்றரை கிலோ முறுக்கு, மூன்றரை கிலோ காற்று

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் புனேயில் இருக்கும் என் அக்காவுக்கு மணப்பாறை முறுக்கு அனுப்பினேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கு, சும்மாவா! வீட்டில் இருந்தது ஒரே ஒரு அட்டைப்பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி. முறுக்கு பாதிப் பெட்டிக்குக்கூட வரவில்லை. மேலே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, பிரவுன் டேப் சுற்றி, கூரியர் கடைக்குக் கொண்டுபோனேன். தராசில் ஒன்றரை கிலோ. பில்லில் ஐந்து கிலோ!

தராசு பழுதோ என்று கேட்டேன். அந்தப் பையன் பொறுமையாகச் சொன்னான்: "மேடம், இது வால்யூம் வெயிட்." நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. (வகுக்கும் எண் சில இடங்களில் மாறும்.) என் பெட்டி 40, 30, 20. பெருக்கினால் 24,000. வகுத்தால் 4.8. ஐந்தாம் வகுப்புக்குக் கன அளவு நடத்தியவளுக்கே கடை வாசலில் பாடம்.

காசு போனால் போகட்டும். நான்கு நாள் கழித்து அக்கா போன் செய்தாள்: "முறுக்கு அனுப்பச் சொன்னா, முறுக்கு மாவு அனுப்பியிருக்கியே!" பெட்டிக்குள் இருந்த வெற்றிடத்தில் முறுக்கு ஊஞ்சல் ஆடியிருக்கிறது. கசக்கிய காகிதம் வழியிலேயே அமுங்கிவிட்டது.

அன்று முதல் பெட்டிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரிட்டயர் ஆனவளுக்கு வேறென்ன வேலை?

நம் ஊரில் பொட்டலம் என்றால் என்ன? கோயில் வாசல் பூக்காரம்மா முதலில் இலையை எடுப்பதில்லை. பூவை எடுத்த பிறகுதான் அதற்கேற்ற வாழை இலைத் துண்டு, வாழைநாரில் ஒரு சுற்று. ஒரு முழமானாலும் ஐந்து முழமானாலும் உள்ளே காற்றுக்கு இடமில்லை. மளிகைக் கடையிலும் அப்படித்தான்: கால் கிலோ பருப்புக்குச் சின்னக் கூம்பு, ஒரு கிலோவுக்குப் பெரிய கூம்பு, மேலே தொங்கும் சணலில் இரண்டு சுற்று. (சாப்பாட்டுப் பொருளுக்கு அச்சு மை ஆகாது என்கிறார்கள். சரிதான். நான் சொல்வது அளவைப் பற்றி.) பொருளுக்கு ஏற்றபடி பொட்டலம் அமைந்தது. இன்று எதிர்மாறு. பெட்டி ஏற்கெனவே தயார். பொருள் சின்னதாக இருந்தால் மீதி இடத்தை பபுள் ராப்பும் காற்றடைத்த பிளாஸ்டிக் தலையணையும் நிரப்புகின்றன. காதுக் கம்மல் வாங்கினால் செருப்புப் பெட்டி அளவில் வருகிறது.

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. காந்தி மார்க்கெட்டுக்கு மஞ்சப்பை கொண்டு போகிறோம், நல்லது. அதே நாள் மத்தியானம் வீட்டு வாசலுக்கு வருகிற பார்சலைப் பிரித்தால் ஒரு வாளி பிளாஸ்டிக். அரியமங்கலம் குப்பை மேட்டுப் புகையைச் சுவாசித்த ஊர் நம்முடையது. அதை மறந்துவிடக் கூடாது.

பெரிய கிடங்குகளில் இப்போது பொருளை அளந்து அதற்கேற்ற பெட்டியை அங்கேயே வெட்டித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவர்கள் பாடு அவர்களுக்கு. எனக்குக் கவலை உங்களில் சிலரைப் பற்றி. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருத்தி (பெயர் சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும்) திருவானைக்காவலில் வீட்டிலேயே பொடியும் வடாமும் செய்து வெளியூருக்கு அனுப்புகிறாள். வடாம் எடையே இருக்காது, இடம் அடைக்கும். ஒரு அளவுக்கு ஐந்நூறு பெட்டியாவது எடுத்தால்தான் செய்து தருவேன் என்கிறாராம் பெட்டிக்காரர். ஐந்து அளவு என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு. அவள் வீட்டில் பெட்டி இருக்கும், அவள் எங்கே இருப்பாள்? அதனால் ஒரே பெரிய பெட்டி, எல்லா ஆர்டருக்கும். லாபத்தில் பாதியைக் கூரியர் தின்கிறது.

இதற்கு விடை உயரம் மாற்றக்கூடிய பெட்டி. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பெட்டியின் பக்கங்களில் 5 செ.மீ.க்கு ஒரு மடிப்புக் கோடு முன்கூட்டியே அழுத்தியிருக்கும். பொருள் எதுவரை இருக்கிறதோ அதுவரை நான்கு மூலைகளையும் வெட்டி, அந்தக் கோட்டில் மடித்து மூடலாம். ஐந்து அளவு வாங்க வேண்டாம், ஒன்று போதும். அச்சகக்காரர்கள் இதைக் கிரீசிங் என்பார்கள். ஆர்டர் கொடுக்கும்போது கூடுதலாக இரண்டு கோடு கேளுங்கள், அவ்வளவுதான்.

வீட்டிலும் செய்யலாம். நான் செய்தேன். ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டேன். கைவேலை வகுப்பில் வாழ்த்து அட்டை மடிக்கச் சொல்லிக் கொடுத்தேனே, அதே வேலை. 20 செ.மீ. உயரம் 10 ஆனது. 12,000 வகுத்தல் 5000, 2.4. ஐந்து கிலோ பில் இரண்டரை கிலோவுக்கு இறங்கியது.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இப்படி மடிப்பதால் அட்டை மிச்சமாகாது. மடித்த பகுதி மூடியாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், மூடி கெட்டியாகும், அவ்வளவே. ஆரம்பத்திலேயே 10 செ.மீ. உயரத்துக்குச் செய்தாலும் பெரிய மிச்சம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒட்டும் விளிம்பை விட்டுவிட்டால் 20 செ.மீ. பெட்டிக்கு 7000 சதுர செ.மீ. அட்டை, 10 செ.மீ. பெட்டிக்கு 5600. உயரம் பாதியானாலும் அட்டையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, ஏனென்றால் மேல் மூடியும் அடி மூடியும் அப்படியே இருக்கின்றன. மிச்சமாவது திணிக்கும் பிளாஸ்டிக்கும், லாரியில் அடைக்கிற இடமும்தான். ஒரு வண்டியில் போக வேண்டியது இரண்டு வண்டியில் போனால் டீசல் யார் தலையில்?

அட்டையும் மிச்சமாக வேண்டுமென்றால் பெட்டி திரும்பத் திரும்பப் பயன்பட வேண்டும். அதற்கு எதிரி பிரவுன் டேப். உரித்தால் மேல்தாளும் கூடவே வந்துவிடும். இரண்டாம் முறை அதில் வலு இல்லை. நான் சணல் கட்டுகிறேன். கூரியர் பையன் முகம் சுளித்தான், ஒரே ஒரு இடத்தில் டேப் ஒட்டச் சொன்னான். சரி, ஒட்டினேன்.

மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் 2016 முதல் டி.என்.பி.எல். அட்டை ஆலை ஓடுகிறது. முறுக்கும் அட்டையும் ஒரே வட்டாரத்தில் கிடைக்கிற ஊர்க்காரர்கள் நாம். அச்சகத்திலும் பெட்டித் தொழிலிலும் இருக்கிற என் பிள்ளைகள் இதைப் படித்தால், சின்ன வியாபாரிகளுக்காக இந்தக் கோடு போட்ட பெட்டியை நூறு, இருநூறு என்று சில்லறையாகச் செய்து கொடுக்க முடியுமா, பாருங்கள். என்ன விலை ஆகும் என்று கமென்டில் சொல்லுங்கள். வடாம்காரி காத்திருக்கிறாள்.

இரண்டாவது பார்சல் நேற்றுப் போய்ச் சேர்ந்தது. அக்கா எண்ணிப் பார்த்தாளாம். மூன்று முறுக்குதான் உடைந்திருக்கிறது.