மழைநீர் வடிகாலில் யார் வீட்டுத் தண்ணீர்?

அம்பத்தூர் ஒரு காலத்தில் சென்னைக்கு வெளியே இருந்த ஊர். 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. அதே காலத்தில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வளர்ந்தது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடியே மாநகராட்சி ஆனது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை போடுகிறார்கள். வேலை, கல்லூரி, மருத்துவமனை, மின்சார ரயில் என நகரம் கொடுத்ததை நம்மில் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் ஏரிக்கரையில் நின்றால் கணக்கின் மறுபக்கம் தெரியும். மழைநீருக்கான கால்வாய்களில் வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் கலந்து ஏரிக்கு வந்தன. ஏரியைக் காக்கத் திரண்ட மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

அடுக்குமாடிகள் பெருகிய பிறகுதான் இந்த நிலை என்பது பழைய குடியிருப்புவாசிகளின் வருத்தம். பாதாளச் சாக்கடை தெருவுக்கு வருமுன்பே கடன் வாங்கிக் குடியேறியவர்களோ, கழிவுநீர் லாரிக்குப் பணம் கொடுத்தே ஓய்ந்துபோனார்கள். சுத்திகரிப்புச் செலவைத் தனியாகச் சுமக்கச் சிறு பட்டறைகளால் முடிவதில்லை. குழாய் பதித்த தெருவிலும் இணைப்பு வாங்காத வீடுகள் இருக்கின்றனவே என்பார்கள் அதிகாரிகள். நால்வர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சிக்கல் தீராமல் நீள்வதற்கு அதுவே ஒரு காரணமோ என்னவோ!

ஐரோப்பியப் பெருநகரங்களைக் காட்டி நம்மை நாமே நொந்துகொள்ளும் பழக்கம் நமக்குண்டு. ஆனால் லண்டனின் பழைய சாக்கடைகளும் மழைநீருக்காகக் கட்டியவைதான். 1815 வரை வீட்டுக் கழிவை அவற்றில் விடத் தடை இருந்தது. தடை நீங்கியதும் கழிவெல்லாம் தேம்ஸ் நதிக்குப் போனது. 1858 கோடையில் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான், ஜோசப் பசல்ஜெட் வகுத்த பெருஞ்சாக்கடைத் திட்டத்துக்கு வழி பிறந்தது. அதன் பிறகும் 1957-இல் அந்த நதியை உயிரற்றது என்று அறிவிக்க நேர்ந்தது. இன்று அதில் மீன்களும் கடல்நாய்களும் உண்டு. அண்மையில் முடிந்த சுமார் 25 கிலோமீட்டர் கழிவுநீர்ச் சுரங்கத்தின் செலவை அங்குள்ள வீடுகள் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டுகின்றன. நல்ல நகரத்தில் வாழும் வசதியோடு அந்தச் சுமையும் வருகிறது.

நம் பகுதியில் முதல் வேலை, குழாய் பதித்த தெருக்களில் விடுபட்ட வீடுகளை இணைப்பது. கட்டணத்தைத் தவணையில் செலுத்தக் குடிநீர் வாரியம் 'இல்லந்தோறும் இணைப்பு' என்ற திட்டம் வைத்திருக்கிறது. அதைப் பற்றித் தெரியாத வீடுகளுக்கு எடுத்துச் சொல்ல நலச்சங்கங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. குழாய் வராத தெருக்களுக்கு எப்போது வரும் என்ற தேதியை வாரியமும் மாநகராட்சியும் வார்டு அலுவலகத்திலேயே எழுதி ஒட்டலாம். அதுவரை லாரி எடுக்கும் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்று பணம் கொடுப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பற்றித் தொழிற்பேட்டை உரிமையாளர்களும் அரசும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சில் ஏரிக்கரை மக்களுக்கும் இரண்டு நாற்காலி போடட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அந்தக் கூட்டம் நடந்தால் நல்லது.