சாமை அரிசியும் சமுதாயக் கூடமும்

'தொழில்முனைவோர்' என்று ஒரு வார்த்தை புறப்பட்டிருக்கிறது. பட்டணத்து மேடைகளில் வளர்ந்த அந்த வார்த்தை, பஸ் ஏறி இப்போது ஜவ்வாது மலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் நான் கேட்ட ஒரு பிரசங்கத்தில், அரை மணி நேரத்துக்குள் அது பதினேழு தடவை வந்தது. எண்ணுவதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இருக்கவில்லை. பிரசங்கத்தின் சாரம் இதுதான்: மலை ஜனங்கள் முனைய வேண்டும், முனைந்தால் சர்க்கார் கை கொடுக்கும்.

முனையவில்லை என்று யார் சொன்னது?

கிணறும் கால்வாயும் இல்லாத சரிவு நிலத்தில், வானத்தை நம்பிச் சாமை விதைக்கிறான் ஒருவன். பன்றி மேய்ந்ததுபோக, பறவை தின்றதுபோக, மிஞ்சியதை அறுத்து அடித்துத் தூற்றி மூட்டை கட்டுகிறான். மாசி, பங்குனியில் அவன் குடும்பம் புளி உலுக்குகிறது. தேன் எடுக்கத் தனி ஆள் இருக்கிறான். வருஷத்துக்கு மூன்று வியாபாரம். மூன்றிலும் நஷ்டம் வந்தால் தாங்க எந்த பாங்கியும் பின்னால் இல்லை. இவனைவிடத் துணிந்த முதலாளியை நான் சென்னையில் பார்த்ததில்லை. இந்த மனிதனுக்கு 'முனைவது எப்படி' என்று மூன்று நாள் வகுப்பு எடுத்து, கடைசி நாள் சான்றிதழும் கொடுக்கிறோம்!

அவனுக்கு இல்லாதது என்ன என்று பார்ப்போம். சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். உமியோடு இருக்கும் வரையில் அது நெடுங்காலம் கெடாது. உமி நீக்கி அரிசியாக்கிவிட்டால் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்குவாடை வந்துவிடும். ஆகவே தானியமாகச் சேமித்து, வேண்டும்போது வேண்டுகிற அளவு அரைத்து விற்பதுதான் லாபம். இது மலைப் பெண்களுக்குப் பாட்டி காலத்திலிருந்தே தெரியும். உரலில் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் குத்திக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் மூட்டைக் கணக்கில் உரலில் குத்தி விற்க முடியுமா? உமி நீக்கும் யந்திரம் வேண்டும். யந்திரத்துக்கு நிலையான மின்சாரம் வேண்டும். மூட்டைகளை எலிக்கும் ஈரத்துக்கும் தப்ப வைக்க ஒரு கிடங்கு வேண்டும். அரிசியைக் கீழே கொண்டுபோக மழைக்காலத்திலும் வண்டி ஓடும் பாதை வேண்டும்.

இவை இல்லாத குக்கிராமத்தில் என்ன நடக்கும்? அறுப்பு முடிந்த கையோடு, விலை மிகவும் இறங்கியிருக்கிற அந்த வாரத்திலேயே, மூட்டை மூட்டையாகச் சாமை மலை இறங்கும். நூறு கிலோவுக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும். அந்த அரைப்புக் கூலியும், தவிடும், காத்திருந்து விற்கிற லாபமும் எல்லாம் சமவெளியிலேயே தங்கிவிடும். பிறகு அதே சாமை வழவழப்பான பையில், 'பாரம்பரிய உணவு' என்ற பட்டத்தோடு, பட்டணத்துக் கடையில் உட்கார்ந்திருக்கும். புளியின் கதையும் இதேதான். கைமுடை வந்தவன் மரம் பூவில் இருக்கும்போதே விலை பேசி முன்பணம் வாங்கிவிடுகிறான். வாங்கிய வியாபாரி குளிர்பதனக் கிடங்கில் நிறம் மாறாமல் வைத்து, நேரம் பார்த்து விற்கிறான். அவனை நான் திட்டப் போவதில்லை. கிடங்கு வைத்திருக்கிறவன் சம்பாதிக்கிறான். கிடங்கு அவனிடம் மட்டும் இருப்பதுதான் என் வழக்கு.

ஜவ்வாது மலையில் பழங்குடி உழவர்களே பங்குதாரர்களாக உள்ள ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் இயங்கத்தான் செய்கிறது. நல்ல காரியம், வாழ்க. ஆனால் மலையோ மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது: திருவண்ணாமலைக்கு ஜமுனாமரத்தூர், திருப்பத்தூருக்குப் புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் புங்கம்பட்டுநாடும், வேலூருக்குப் பீஞ்சமந்தையும் அதன் அண்டை ஊர்களும். ஒரு மையத்தில் யந்திரம் இருந்தால் போதாது. மூட்டையைத் தலையில் வைத்து நாலு மைல் நடக்கிறவளுக்கு அந்த யந்திரம் சமவெளியில் இருப்பதுபோலத்தான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களை வனவாசிகளுக்கே உடைமையாக்குகிறது. அதோடு பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை, சமுதாயக் கூடம் என்று பதின்மூன்று பொது வசதிகளுக்குக் காட்டு நிலத்தை விடுவிக்கவும் வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலம்; ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது; எல்லாவற்றுக்கும் மேலாக, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அளவான, அழகான ஏற்பாடு. இந்தப் பட்டியலில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பயிற்சி பெற்றவன் தொழில் நடத்த ஓர் ஆலையோ கிடங்கோ இல்லை! டில்லியில் பட்டியல் போட்டவர்களுக்கு, காட்டுக்குள் இருப்பவன் கற்றுக்கொள்ள வேண்டியவன் என்று தோன்றியிருக்கிறது; விற்க வேண்டியவன் என்று தோன்றவில்லை.

அந்தச் சட்டமாவது நம் நாட்டில் ஓடியதா? 2008-இல் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்று பட்டா கொடுப்பதைக் கட்டிப்போட்டது. அந்த முடிச்சு 2016-இல்தான் உச்சநீதிமன்றத்தில் அவிழ்ந்தது. போதாக்குறைக்கு, அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே பிற மாநிலங்களில் பழங்குடிக் கிராம சபைகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தனி அதிகாரமும் இங்கே கிடையாது. சமவெளி ஊராட்சிக்குத் தைத்த சட்டையையே மலைக்கும் மாட்டியிருக்கிறோம். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. சரி. ஆனால் மலை ஊராட்சி என்பது ஒரு தெருவா, இரண்டு தெருவா? ஒன்றுக்கொன்று மைல் கணக்கில் தள்ளியிருக்கும் பல குக்கிராமங்கள் அல்லவா! கூட்டத்துக்கு வந்து போக ஒரு நாள் கூலி போகும். வந்தவர்கள் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டடம் எங்கே வர வேண்டும் என்பதை ஒன்றியத்து மேஜை தீர்மானிக்கும். அது வழக்கமாக ஜீப் போகிற இடத்தில்தான் வரும்.

'காட்டுக்குள் பாதை போட்டால் காடு அழியும்' என்று இயற்கை நேயர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள்பால் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த மலையின் காவலூரில்தான் நமது வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டவர்களில் இந்த மலைமேல் இருந்து பார்த்தவர்களும் உண்டு. 1986-இல் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியோடு பெரிய தொலைநோக்கி இங்கே இயங்கத் தொடங்கியது. அந்தக் கண்ணாடி மலை ஏறப் பாதை இருந்தது, மின்சாரம் இருந்தது. நியாயம்தான், எனக்கும் அதில் பெருமையே. பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் பாதை இருக்கிறது. அதே தொடரின் அல்லேரி மலையில், 2023 மே மாதம், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பியபோது, பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்த உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினாள். காட்டைக் காப்பாற்றும் பொறுப்பை அந்தத் தாயின் கால்களில் மட்டும் ஏற்றி வைப்பது என்ன தர்மம்?

இன்னொரு சாரார், 'மலையாளிகளுக்கு வியாபாரம் வராது' என்பார்கள். (மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் பழங்குடிகள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த வம்சம் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள்.) வியாபாரம் வராதவர்களிடம் எதற்காகச் செம்மரத் தரகர்கள் மலை ஏறி வந்தார்கள்? கோடரி பிடித்த கைக்கு அந்தத் தரகர்களுக்கு விலை தெரிந்திருந்தது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு இருபது தமிழர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். மோதல் என்றது போலீஸ். மனித உரிமைக்காரர்கள் அதை மறுத்தார்கள். அந்த வழக்கை நான் இங்கே பேசவில்லை. முனைவதற்கு ஊரில் ஒரு வழியும் இல்லாதவன் எந்த வழியில் முனைவான் என்பதைத்தான் பேசுகிறேன். தரகன் முன்பணம் தருகிறான். அவன் வகுப்பு எடுப்பதில்லை.

ஆகவே ஊராட்சி ஒன்றியத்துக்கு என் யோசனை இது. பயிற்சி வகுப்புகளை ஒரு வருஷம் நிறுத்தி வையுங்கள். தொலைதூரக் குக்கிராமங்களில் தனித்தனியே கூட்டம் போட்டு, அறுப்பு இல்லாத மாதமாகப் பார்த்து, வந்தவர்களுக்கு அன்றைய கூலியையும் கொடுத்து, எது எங்கே வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். ஆலைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று எழுத்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தால், சமுதாயக் கூடத்துக்கு இடமிருக்கிறது என்று சொல்லுங்கள். கூடம் என்று கட்டி, உள்ளே ஒரு மூலையில் உமி நீக்கும் யந்திரத்தையும், மறு மூலையில் மூட்டைகளையும் வைத்தால், சமுதாயம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. சாவி அந்த ஊர்ப் பெண்களிடம் இருக்கட்டும். யந்திரம் உள்ளே போக வாசல் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதையும், வரைபடம் போடுவதற்கு முன்னாலேயே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.