அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையே

கோலார் மாவட்டத்தின் பூதிகோட்டைக்குப் பக்கத்திலேயே மார்க்கண்டேய அணை இருக்கிறது. ஆனாலும் அந்த மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. கோலார் தங்கவயலுக்குப் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி நீர் கொடுத்தது. சுற்றியுள்ள கிராமங்கள் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றை நம்புகின்றன. இங்கே மோட்டார் எவ்வளவு இறைக்க வேண்டும் என்பது அன்றாடக் கேள்வி. அதற்கு விடை ஒற்றை எண் அல்ல, ஒரு வரம்பு. கூட்டு அசமன்பாட்டைக் கண்டு மிரளும் மாணவர்கள் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தெருவில் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆக, குறைந்தது 22,000 லிட்டர் வேண்டும். மேல்நிலைத் தொட்டி கொள்வது 25,000. அதற்கு மேல் போனால் வழிந்து வீணாகும். தொட்டியில் ஏற்கெனவே 4,000 லிட்டர் கிடக்கிறது. மின்சாரம் 5 மணி நேரம், அதாவது 300 நிமிடம். மோட்டார் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் இறைக்கிறது என்பதை r என்போம்.

22,000 ≤ 4,000 + 300r ≤ 25,000

கீழ்வரம்பை மக்களின் தேவை வைத்தது, மேல்வரம்பைத் தொட்டி வைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும் என்பதால்தான் இது ‘கூட்டு’. மூன்று பகுதியிலும் 4,000-ஐக் கழித்தால் 18,000 ≤ 300r ≤ 21,000. 300-ஆல் வகுத்தால் 60 ≤ r ≤ 70. நடுவில் மட்டும் கழித்துவிட்டு ஓரங்களை மறப்பதே பலர் செய்யும் பிழை.

இன்னொரு பிழை, குறியைத் திருப்ப மறப்பது; அது தொட்டியைத் திறந்துவிடும்போது வருகிறது. நிறைந்த தொட்டியிலிருந்து 300 நிமிடம், இம்முறை நிமிடத்துக்கு r லிட்டர் வீதம் நீரை வெளியே விடுகிறோம். முடிவில் 1,000 முதல் 4,000 லிட்டர் வரை மிஞ்ச வேண்டும்.

1,000 ≤ 25,000 − 300r ≤ 4,000

25,000-ஐக் கழித்தால் −24,000 ≤ −300r ≤ −21,000. இப்போது −300-ஆல் வகுக்கும்போது குறிகள் திரும்பி, 80 ≥ r ≥ 70 ஆகிறது. ஏன் திரும்ப வேண்டும்? அதிகமாகத் திறந்துவிட்டால் குறைவாகவே மிஞ்சும். அந்தத் தலைகீழ் உறவைத்தான் குறி சொல்கிறது. காரணம் புரிந்தவருக்கு விதியை மனப்பாடம் செய்யும் தேவையில்லை.

முதல் கணக்கில் கிடைத்த விடையைச் சோதித்தும் பார்க்கலாம். தொட்டிக்கு வரும் குழாயின் கீழ் 20 லிட்டர் வாளியை வைத்தால், r 60 ஆனால் 20 நொடியில் நிறையும். 70 ஆனால் சுமார் 17 நொடி. கணித ஆசிரியர்கள் இப்பாடத்தை நடத்தும் நாளில் ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு மாணவர்களை ஊர்த் தொட்டிக்கு அழைத்துப் போகட்டும். அதன் கொள்ளளவு பெரும்பாலும் தொட்டியின் சுவரிலேயே எழுதியிருக்கும்.